மதகில் சிக்கிய தென்னை மட்டை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை என் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, நானாகப் படிக்கக் கூடாது என்று உத்தரவு. கடலோர நெல் வயல்களில் உப்பு ஏறிவிட்டது, எல்லாம் பருவநிலை மாற்றம், இனி யாராலும் எதுவும் செய்ய முடியாது, பேசாமல் அந்த நிலங்களை வீடமைப்புக்குக் கொடுத்துவிட்டு அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். நாலு வரியில் ஒரு கடற்கரையையே முடித்துவிட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது கண் சரியாகிவிட்டது, உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு வயது 72. 1978 முதல் 2009 வரை, 31 வருஷம், பினாங்கு மாநிலத்தின் நிலப்பகுதியான செபராங் பிறையின் வடக்கில் கடலோரத்து மதகு ஒன்றில் காவலாளியாக இருந்தேன். படிப்பு ஆறாம் வகுப்புவரைதான். ஆனால் உப்புத் தண்ணீர் வயலுக்குள் எந்த வழியாக, எந்த நேரத்தில் வரும் என்பதை யாரும் எனக்குப் புத்தகத்தைத் திறந்து சொல்லித்தரத் தேவையில்லை.

பட்டர்வொர்த்தில் மாடி வீட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் அந்த மதகைப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கொஞ்சம் சொல்கிறேன். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் மண் கரை ஒன்று நீளமாக ஓடும். வயல் தண்ணீரெல்லாம் வடிகால் வழியாக வந்து அந்தக் கரையில் ஓரிடத்தில் கடலுக்குள் போகும். அங்கேதான் மதகு. கடல் பக்கம் மேலே கீல் வைத்துத் தொங்கும் இரும்புக் கதவு, வரிசையாக நாலு. கடல் வற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தள்ளித் திறக்கும். கடல் ஏறும்போது கடலே அதைத் தள்ளி மூடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம், தானாக நடக்கும் என்று கட்டியவர்கள் நினைத்தார்கள். உள்பக்கம் இன்னொரு கதவு, சக்கரத்தைச் சுற்றி ஏற்றி இறக்குவது. அந்தச் சக்கரம்தான் என் வேலை.

தானாக நடப்பதென்றால் எனக்கு 31 வருஷம் சம்பளம் எதற்கு? கதவு உட்காரும் விளிம்பில் சிப்பி ஒட்டி வளரும், வாரம் ஒருமுறை சுரண்ட வேண்டும். ரப்பர் விளிம்பு வெயிலில் வெடிக்கும். மிதந்து வருவதெல்லாம் அங்கேதான் வந்து சிக்கும். பிளாஸ்டிக் டின், மரக்கிளை, ஒருமுறை இரண்டு பேர் படுக்கும் மெத்தை. இது போதாதென்று, ராத்திரியில் இறாலும் கொடுவாவும் உள்ளே வரட்டும் என்று கதவுக்குக் கட்டை கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் வேறு. நல்ல மனிதர்கள்தான், விடிந்ததும் எனக்கே இரண்டு மீன் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

குடிசையில் இலாகா கொடுத்த கடலலை நேர அட்டவணை ஒன்று தொங்கும். பக்கத்தில் நம் தமிழ் நாள்காட்டி. எனக்கு உண்மையில் பயன்பட்டது இரண்டாவதுதான். அமாவாசை, பௌர்ணமி வந்தால் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அதற்கு மறுநாளும் அடுத்த நாளும் இன்னும் மோசம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏற்றம், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும். அஷ்டமியில் நல்ல காரியம் எதுவும் தொடங்கக் கூடாது என்பார் அம்மா. எனக்கோ அஷ்டமி, நவமிதான் நிம்மதி, கடல் சோம்பிக் கிடக்கும். பெரிய சுரண்டல் வேலையை அந்த நாட்களில் வைத்துக்கொள்வேன்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1990களின் தொடக்கத்தில் ஒரு தைப்பூசம். மூத்தவளுக்கு அப்புறம் பத்து வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை, கரும்புத் தொட்டில் கட்டித் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தூக்கி வருவதாக நேர்த்தி. இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன், மாற்றாள் வருவதாகச் சொன்னார்கள். தைப்பூசமென்றால் பௌர்ணமி. இத்தனை வருஷம் பௌர்ணமி பார்த்து வேலை செய்தவன், அன்றைக்கு அதை வெறும் திருநாளாகத்தான் பார்த்தேன். முதல் நாள் பெய்த மழைத் தண்ணீர் வடிகாலில் நின்றதால் உள்கதவை இறக்காமல், தொங்கு கதவு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டுப் போனேன். மாற்றாள் வரவில்லை. அவரும் வெள்ளி ரதம் பார்க்கப் போயிருப்பார், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் நாள் மாலை ஃபெரியில் அக்கரைக்கு வந்து, பஸ் பிடித்து, மொட்டையடித்த தலையோடு மதகுக்குப் போனேன். வடிகாலில் மடவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. மடவை கடலோரத்து மீன், அங்கே இருக்கக் கூடாது. ஒரு கதவின் அடியில் தென்னை மட்டை. அதன் அடிப்பாகம், நல்ல தடிமன், குறுக்கே சிக்கி நாலு விரல் இடைவெளி. நாலு தடவை கடல் ஏறியிருக்கிறது. நாலு தடவையும் அந்த நாலு விரல் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

உப்புத் தண்ணீரிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. அது கனமானது. நல்ல தண்ணீரோடு உடனே கலக்காது, அடியில் ஊர்ந்து வரும். மேலே கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தால் இனிப்பாகத்தான் இருக்கும். கரையோரத்தில் இரண்டு ரெலோங் (இங்கே நிலத்தை அளக்கும் கணக்கு) பெண்டாங், அதாவது நெல் வயல், வைத்திருந்த மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் அன்று காலை அப்படித்தான் ருசி பார்த்திருக்கிறார். அவருடையது கடைமடை. வாய்க்கால் தண்ணீர் மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிஞ்சினால்தான் அவருக்கு. அது மழை குறைந்த மாதம், வாய்க்கால் வறண்டிருந்தது, அந்தப் போகம் நடவும் தள்ளிப்போய் நெல் அப்போதுதான் பொதி கட்டி நின்றது. சின்ன பம்பு ஒன்றை வைத்து வடிகாலிலிருந்து இறைத்துவிட்டார். குழாயின் வாய் கிடந்தது வடிகாலின் அடியில்.

பத்து நாளில் இலை நுனி வெளுத்தது. கதிர் வெளியே வந்தபோது அழகாகத்தான் இருந்தது, நிமிர்ந்து நின்றது. நெல் நிமிர்ந்து நின்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம். கையில் உருவிப் பார்த்தால் பதர். வழக்கமாக 25 மூட்டை எடுக்கும் இடத்தில் 9 மூட்டை. நான் போய் நடந்ததைச் சொன்னேன். பெரியவர் என்னை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். "தா அப்பா லா, தம்பி" என்றார். பரவாயில்லை என்றுவிட்டார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு அதை எப்படிச் சரிசெய்தோம் என்று சொன்னால்தான் அந்த வாசகருக்குப் பதில் சொன்னதாகும். என் அப்பா நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, வேதாரண்யம் போகும் வழியில் ஒரு கிராமத்துக்காரர். ரஜூலா கப்பலில் வந்து இங்கே தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், ஆனால் கடைசிவரை மனசு ஊர் நிலத்தில்தான் இருந்தது. நான் போய்ச் சொன்னதும் வந்து பார்த்தார். வெண்மையாகப் பூத்திருந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, துப்பிவிட்டு, "இது உவர், களர் இல்லை. பயப்படாதே" என்றார். எனக்கு அதுவரை இரண்டும் ஒன்றுதான். களர் என்றால் மண்ணே கெட்டுப்போய் இறுகிவிடும், தண்ணீர் விட்டால் இறங்காமல் கலங்கிக்கொண்டு நிற்கும், அதற்கு ஜிப்சம் போட வேண்டும். உவர் என்றால் உப்பு மண்ணோடு ஒட்டாமல் கரைந்து கிடக்கிறது, கழுவினால் போய்விடும். கழுவ இரண்டு வேண்டும். மேலே நல்ல தண்ணீர், கீழே தண்ணீர் ஓட வழி. வழி இல்லாமல் தண்ணீர் மட்டும் கட்டினால் உப்பு அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

மழை வந்து வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் பெரியவர் வயலில் உயரமாகக் கட்டி ஓரிரவு நிறுத்துவார். மறுநாள் கடல் நன்றாக வற்றும் நேரம் பார்த்து நான் கதவை முழுக்க ஏற்றுவேன். வயல் வடிந்து, வடிகால் வடிந்து, எல்லாம் கடலுக்கு ஓடும். கடல் திரும்புவதற்குள் இறக்கிவிடுவேன். அமாவாசையை ஒட்டி வற்றம் ஆழமாக இருக்கும், அந்த நாட்களில் இப்படி நாலைந்து முறை. அடுத்த போகம் 17 மூட்டை. அதற்கடுத்தது பழைய கணக்குக்கே வந்துவிட்டது.

கொஞ்ச காலம் கழித்து விவசாய அதிகாரிப் பையன் ஒருவன் மீட்டரோடு வந்தான். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை வைத்து உப்பை அளப்பது அது. மீட்டருக்கு டெசிசீமென்ஸ் என்று ஒரு கணக்கு. கடல் தண்ணீர் ஏறக்குறைய 50 காட்டும். மண்ணில் 3 வரைக்கும் நெல் தாங்கும், அதற்குமேல் ஒவ்வொரு எண் ஏறும்போதும் விளைச்சலில் சுமார் 12 சதவீதம் போகும் என்றான். அப்படியென்றால் 6 இருந்தாலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. அவனிடம் இன்னொன்றும் கற்றேன். நெல் முளைக்கும்போது உப்பைத் தாங்கும், இரண்டு மூன்று இலை விடும் வயதில் தாங்காது, தூர் கட்டும்போது மறுபடி தாங்கும், கதிர் உருவாகிப் பூக்கும் சமயம் மறுபடி தாங்காது. முன்பு நாற்றங்காலை மேட்டில் நல்ல தண்ணீரில் வைத்து, வளர்ந்த நாற்றைக் கொண்டுபோய் நட்டார்கள். அதாவது பிள்ளைப் பருவத்தை வெளியே கழித்துவிட்டு வயலுக்கு வந்தது நெல். இப்போது ஆள் கிடைக்காமல் நேராக விதைத்துவிடுகிறார்கள். பிறந்த குழந்தையைக் கடற்கரையில் போட்ட மாதிரிதான்.

நான் செய்ததும் ஒரு மீட்டர்தான். சோடா பாட்டிலில் கல் கட்டி, தக்கைக்குத் தனிக் கயிறு. அடியில் போனதும் தக்கையை இழுத்தால் அடித்தண்ணீர் மட்டும் நிரம்பும். மேலே இழுத்து ருசி பார்ப்பேன். என் மனைவிக்கு அது பிடிக்காது, அந்த வடிகாலில் என்னென்ன கலக்கிறது தெரியுமா என்பாள். அதிகாரியின் மீட்டரும் என் நாக்கும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

கடல் மட்டம் உயர்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் என்கிறார்கள், அது சேர்ந்துகொண்டே போகும், என் பேரப்பிள்ளைகள் காலத்தில் கரையை உயர்த்தித்தான் ஆக வேண்டும். ஆனால் சிக்கிய மட்டை தந்த இடைவெளி நாலு விரல். மில்லிமீட்டரைக் காட்டி நாலு விரலை மறைக்கக் கூடாது என்பதுதான் என் வழக்கு.

போன மாதம் மகனை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். என் குடிசை பூட்டிக் கிடக்கிறது. சக்கரத்துக்குப் பதில் மோட்டார் வைத்திருக்கிறார்கள், நல்லதுதான், என் தோளுக்கு இப்போதும் அந்தச் சக்கரம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் மோட்டார் பெட்டிக்குப் பெரிய பூட்டு. சாவி எங்கோ தூரத்து ஆபீஸில். நாலு தொங்கு கதவில் ஒன்று கீல் அறுந்து சாய்ந்து நிற்கிறது, இன்னொன்றின் விளிம்பில் சிப்பி கைக்கனம். பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மகன் வயல் செய்கிறார், கடலை ஒட்டிய பாதியை இரண்டு போகமாக விதைக்கவில்லை. போனில் புகார் சொன்னாராம், குறித்துக்கொண்டோம் என்றார்களாம். அது எந்த ஆபீஸ், யார் பொறுப்பு என்று நான் இங்கே எழுதவில்லை. அவர்களிடமும் ஆள் இல்லை, எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை.

விதைக்காமல் விட்டால் உப்பு தானாகப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நேர்மாறு. தண்ணீர் இல்லாமல் காயும் வயலில், கீழே இருக்கும் உவர் நீரை மண் விளக்குத் திரி போல மேலே இழுக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலே தங்கும். அந்தப் பாதி வயலில் நான் பார்த்த வெள்ளைப் பொருக்கு அதுதான். இன்னும் காயவிட்டால் சில கடலோர மண்ணில் வேறு பிரச்சினை, அடிமண்ணில் காற்றுப் பட்டுப் புளிப்பு ஏறி வடிகாலில் துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர் வரும். பக்கத்தில் யாராவது இறால் குளம் வெட்டினால் அதன் கசிவு தனி. அவற்றை நான் இங்கே விரிக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் பௌர்ணமிதான். மதியத்துக்கு மேல் கடல் வந்தது எல்லாருக்கும் தெரியும், கோத்தா கோலமூடாவில் உடைந்த படகுகளை இன்றும் நினைவுக்காக வைத்திருக்கிறார்கள். எங்கள் கரையைத் தாண்டியும் தண்ணீர் போனது. அதே நாள், அதே கடல், நாகப்பட்டினத்தில் என் சித்தப்பா மகன் நிலத்தையும் மூடியது. அங்கே போன உயிர்களுக்கு முன்னால் நிலத்தைப் பற்றிப் பேச அப்போது யாருக்கும் வாய் வரவில்லை. 2006 பொங்கலுக்கு நான் போனபோது அவன் நிலத்தில் நெல் நின்றது. படிந்த சேற்றை வழித்து வெளியே கொட்டியிருக்கிறான், வரப்பை உயர்த்தியிருக்கிறான், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதிருக்கிறான், 2005 ஐப்பசி கார்த்திகையில் கொட்டிய மழை மீதியைக் கழுவியிருக்கிறது. விதைத்தது குழியடிச்சான், உவர் நிலத்துக்கென்றே அந்தக் கரையில் இருக்கும் பழைய நெல். கேரளத்தில் பொக்காளி என்று ஒன்று. உப்பைத் தாங்கும் குணத்தை அதிலிருந்து எடுத்துத்தான் விஞ்ஞானிகள் புது ரகங்களில் ஏற்றுகிறார்கள். நம் செபராங் பிறையிலேயே மார்டி என்ற அரசு விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நல்ல ரகம் தருவார்கள். ஆனால் எந்த ரகமும் கடல் தண்ணீரைக் குடித்து வளராது. கதவு மூட வேண்டும்.

அரிசியை வாங்கிக்கொள்ளலாம் என்ற வாசகருக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி போட்டது. லிட்டில் இந்தியாவில் என் மனைவி வழக்கமாகப் பொன்னி வாங்கும் கடையில் விலையைக் கேட்டுவிட்டுப் பையை மடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். தஞ்சாவூர்ப் பொன்னி இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அந்தப் பொன்னி வேறெதுவும் இல்லை, 1965இல் மலேசியாவில் வெளியிட்ட மஹ்சூரி நெல்தான் தமிழ்நாடு போய் அந்தப் பேரை எடுத்துக்கொண்டது. மஹ்சூரிக்குத் தைவான் நெல் ஒரு பெற்றோர், இந்த நாட்டு மாயாங் எபோஸ் இன்னொரு பெற்றோர். இதை அவளிடம் சொன்னேன், நம்பவில்லை. இங்கிருந்து போன நெல்லைக் கப்பலில் திரும்ப வரவழைத்துச் சாப்பிடுகிறோம், அதை வளர்க்கிற மாதிரி மண்ணை வீடமைப்புக்குக் கொடுக்கச் சொல்கிறோம்.

பினாங்கில் நாம் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பெரும்பகுதி சுங்கை மூடாவிலிருந்து, லாஹார் தியாங்கில் எடுப்பது. அதற்குக் கீழே கடல் ஏறாமல் ஆற்றின் குறுக்கே அணை வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள். அது பழுதானால் அன்றைக்கே பத்திரிகையில் வரும். கரையோரத்தில் வரிசையாக நிற்கும் சின்ன மதகுகளுக்கு அந்த யோகம் இல்லை.

நான் பெரிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு மதகுக்கும் பக்கத்துக் கம்போங்கில் (கிராமத்தில்) ஒரு ஆள், கையில் சாவி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் முதல் நாள் கதவைப் பார்த்துச் சிப்பியைச் சுரண்டி மட்டையை எடுத்துப் போட மாதம் ஏதோ கொஞ்சம் படிப்பணம். கோடை மாதத்தில் வடிகால் தண்ணீரை இறைக்கும் முன் அடித்தண்ணீரை அளக்க விவசாயிகள் சங்கத்தில் ஒரு மீட்டர், இப்போது அது கையடக்கமாக வருகிறதாம். அறுந்த கீலுக்கு வெல்டிங்.

அதுவரை, பெரியவர் மகனிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். வருகிற அமாவாசைக்கு மறுநாள் விடியற்காலை நான் வருகிறேன், அந்தப் பாதி வயலில் முதல் நாளே தண்ணீர் கட்டி வை என்று. கல் கட்டிய பாட்டில் இன்னும் என்னிடம் இருக்கிறது. மோட்டார் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் இதைப் படித்தால், என் தொலைபேசி எண்ணைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அன்று கடல் வற்றும் நேரத்தை நான் சொல்கிறேன், அவர் வந்து திறந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மதகுக் காவலாளி,
பட்டர்வொர்த், பினாங்கு